குருத்தோலை கொண்டு வந்தவன்

அத்தியாயம் பதினொன்று

காலைக் காப்பி ஆறுவதற்குள் எட்மண்ட் ஒரு மாதா கோவிலை இடித்துத் தள்ளிவிட்டான்.

பதற வேண்டாம். தீக்குச்சிக் கோவில்தான். எரிந்துபோன குச்சிகளை அக்கம்பக்கத்து அடுப்படிகளிலிருந்தெல்லாம் வாங்கி, மைதா பசை வைத்து ஒட்டி, மணிக்கூண்டு வரைக்கும் எழுப்பியிருந்தான். இன்று காலை என்ன தோன்றியதோ, அக்குள் கட்டையை எடுத்து ஒரே வீசு. குச்சிகள் சுவரில் மோதிச் சிதறின. கோபுரம் மட்டும் முழுசாகப் பறந்து போய் அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் விழுந்தது.

மனைவி புஷ்பம் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"கோவிலையா இடிப்பீங்க? அதுவும் தவக்காலத்துல!"

"வேற மாசத்துல இடிச்சா பரவாயில்லையா?"

"உங்களை அடிச்சவனை நீங்க கண்டுபிடிக்க முடியல. அதுக்கு இந்தக் குச்சி என்னங்க பண்ணும்?"

பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை அடக்குகிற டீச்சர். வீட்டில் இருக்கும் ஒரே ஒரு நொண்டிப் பிள்ளையை அடக்கத் தெரியவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து பெருக்கினாள்.

இந்த வாரம்தான் முதல் முறையாக இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எட்மண்ட் குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிற டர்னர். விபூதிப் புதன் அன்று மாலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டு அனுப்ப, அதோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு முடிச்சூர் ரோட்டில் போனான். ஏரிக்கரைத் திருப்பத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில், முகத்தில் துண்டு சுற்றிய இரண்டு பேர் அவனைக் கீழே தள்ளினார்கள். ஒருவன் மார்பின் மேல் உட்கார்ந்தான். இன்னொருவன் இரும்புக் குழாயை வலது கால் மேல் இறக்கினான். எலும்பு முறிகிற சத்தத்தை எட்மண்ட் தன் காதாலேயே கேட்டான். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஆள் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்.

"இன்னொரு தபா அந்த வூட்டுப் பக்கம் வருவியா? வருவியா?"

எந்த வீடு? அதுதான் இன்று வரை புரியவில்லை.

தொழிற்சாலை வேலைநிறுத்தத் தகராறு என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். எட்மண்டும் காற்று வாங்கப் போனதாகத்தான் சொன்னான். உண்மையில் அவன் முதல் முறையாகப் போனது முடிச்சூரில் ஏகநாதன் வீட்டுக்கு, தங்கை ஹில்டாவுக்குச் சம்பந்தம் பேச. அது புஷ்பத்துக்கும் ஹில்டாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஏகநாதன் தபாலாபீஸ் குமாஸ்தா. தினமும் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வேலைக்கு வருகிற சைவப் பையன். அண்ணன் லாசரஸ் காதுக்கு இந்தக் காதல் எட்டிய அன்று ஹில்டாவின் கன்னத்தில் விழுந்த அறையில் அவள் காதிலிருந்து ரத்தம் வந்தது. அதன் பிறகு லாசரஸ் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நல்ல மனிதர்கள், எதையும் நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் லாசரஸ் தம்பியைப் பார்த்துக்கொண்ட அழகை மட்டும் தெருவே பேசியது. ரயில்வே ஆபீஸ் முடிந்ததும் நேராக இங்கேதான். குளிப்பாட்டுவான், முகம் மழிப்பான், மாவுக்கட்டுக்குள் அரிக்கும்போது ஸ்வெட்டர் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துவிடுவான். கையில் ஏதாவது ஒரு பொழுதுபோக்கு இல்லாமல் வரமாட்டான். எதுவும் விலை கொடுத்து வாங்கியதில்லை. பழைய பேப்பர் கடையிலிருந்து முன்பாதி கிழிந்த வாரப் பத்திரிகைகள் வந்தன. கதைகளின் ஆரம்பத்தை எட்மண்டே இட்டுக்கட்டிக்கொண்டான். காலண்டரின் பின்பக்கம் கட்டம் போட்டு, சோடா மூடிகளைக் காயாக வைத்து இரண்டு பேரும் ஆடினார்கள். யாரோ கூடை பின்னி மீந்துபோன ஒயர் வந்தது. எட்மண்ட் பின்னிய கூடைக்கு வாய் கோணிக்கொண்டாலும் புஷ்பம் அதில்தான் கத்திரிக்காய் வாங்கி வந்தாள்.

எதுவும் இல்லாத நாளில், "கண்ணை மூடிக்கோ தம்பி. சத்தத்தை மட்டும் கேளு," என்பான் லாசரஸ். எது மின்சார ரயில், எது பாசஞ்சர், தெருவில் போவது யார் வீட்டு சைக்கிள் என்று இரண்டு பேரும் புளியங்கொட்டை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். இப்போது எட்மண்ட் படுக்கையில் இருந்தபடியே மேற்குத் தாம்பரத்தில் பாதியைக் காதாலேயே பார்த்துவிடுவான்.

"உன் காலை முறிச்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், வெட்டிப் போடறேன்," என்று ஆஸ்பத்திரியில் லாசரஸ் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகையில் பொய் இல்லை. அதைப் பிற்பாடு நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய பொழுதுபோக்கும் லாசரஸ் ஏற்பாடுதான். நாளை குருத்தோலை ஞாயிறு. வழக்கமாகக் கோவில் பெண்கள்தான் தென்னங்குருத்தைக் கிழித்துச் சிலுவை மடிப்பார்கள். "என் தம்பி சும்மாதானே படுத்திருக்கான், அவன் மடிச்சுக் கொடுப்பான் ஃபாதர்," என்று சொல்லி வேலையை இந்த வீட்டுக்குத் திருப்பிவிட்டான். ஓலையைக் கோவில் உபதேசியார் அனுப்பி வைப்பதாக ஏற்பாடு.

சாயங்காலக் காப்பி முடிந்தது. ஹில்டா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எட்மண்ட் பேனாக்கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டத் தீட்ட மனசு சொன்ன பேச்சைக் கேட்காமல் ஏரிக்கரைக்கே போனது. அந்தக் குழாய்க்காரன் கழுத்து எப்படி இருக்கும், கத்தி எவ்வளவு தூரம் இறங்கும் என்று கணக்குப் போட்டான். தவக்காலத்தில் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தான். நினைக்க நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் ஓலை சரசரத்தது.

"வூட்ல யாரு? கோவில்ல இருந்து ஓலை கீது. எங்க போடறது?"

கல்லின் மேல் கத்தி நின்றுவிட்டது.

தலைச்சுமையாக வந்த ஓலைக்கட்டிலிருந்து இலைகள் முன்னால் தொங்கி ஆளின் முகத்தை மறைத்தன. கறுத்த கால்கள், மரம் ஏறிக் காய்த்துப்போன பாதங்கள். அவ்வளவுதான் தெரிந்தது. எட்மண்டுக்கு அது போதும். முகம் அவனுக்கு எப்போதுமே தெரியாது. குரல்தான் தெரியும்.

"கட்டில் கிட்ட கொண்டு வாப்பா," என்றான். தன் குரல் இவ்வளவு சாதுவாக வருமென்று அவனே எதிர்பார்க்கவில்லை. "உன் பேரு?"

"ஜெயவேலு சார். முடிச்சூர் தோப்புல மரம் ஏறறேன்."

"ஈஸ்டர் முடிஞ்சு எங்க வீட்டு மரத்துல நாலு காய் பறிக்கணும். வருவியா?"

"இன்னொரு தபா இந்தப் பக்கம் வரச்சே பாத்துக்கலாம் சார்."

இன்னொரு தபா.

ஜெயவேலு குனிந்து ஓலைக்கட்டை இறக்கினான். நிமிரும்போதுதான் மாவுக்கட்டுக் காலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் வைத்தான்.

இரண்டாவது அடி வைக்க எட்மண்ட் விடவில்லை. அக்குள் கட்டையின் கவட்டையை அவன் கணுக்காலில் மாட்டி இழுத்தான். ஜெயவேலு மல்லாக்க ஓலைக்கட்டின் மேல் விழுந்தான். எட்மண்ட் கட்டிலிலிருந்து அப்படியே அவன் மேல் உருண்டான். மாவுக்கட்டுக் கால் முழுப் பாரத்தோடு அவன் வயிற்றில் இறங்கியது. இத்தனை நாள் சுமந்த அந்தக் கல்லுக்கு இன்றுதான் ஒரு உபயோகம் கிடைத்தது. ஜெயவேலு கடிக்க வந்தான். எட்மண்ட் தலையால் அவன் மூக்கில் மோதினான். ஏதோ நொறுங்கியது. கத்தி காதுக்குக் கீழே போய் நின்றது.

"ஐயோ, கொலை!" என்று புஷ்பம் அலறினாள்.

"வாயை மூடு. கதவைச் சாத்து."

அவள் சாத்தினாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். மூலையில் கிடந்த பச்சை ஒயரை எடுத்து வந்து, ஜெயவேலுவின் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டினாள். இரண்டு முடிச்சு போட்டாள்.

"இப்போ சொல்லுடா," என்றான் எட்மண்ட். "எந்த வூட்டுப் பக்கம் நான் வரக்கூடாது?"

"நீ இல்ல சார்! சத்தியமா நீ இல்ல. ஆளு மாறிப் பூட்சு!"

கத்தி கொஞ்சம் அழுந்தியது. ரத்தம் ஒரு கோடாக இறங்கிப் பச்சை ஓலையில் சொட்டியது.

"நெத்தில துன்னூறு வெச்சுகினு, சைக்கிள்ல, பொழுது சாயறச்சே முடிச்சூர் பக்கம் போவான், அவன் காலை எடுத்துடுன்னாரு. எங்க வூட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லி அடின்னாரு. நீ வந்தே. நெத்தி பூரா சாம்பலு. வேர்வைல அப்பிக்கினு பட்டை மாதிரிதான் இருந்துச்சு. உங்காளுங்களும் வெப்பீங்கன்னு எனக்கு இன்னா சார் தெரியும்?"

வருஷத்தில் ஒரே ஒரு நாள். மறுநாள் அடித்திருந்தால் எட்மண்டின் நெற்றி வெறுமையாக இருந்திருக்கும். முதல் நாள் அடித்திருந்தாலும் அப்படியே.

பின்கட்டு வாசலில் ஹில்டா ஈரப் புடவையும் கையுமாக நின்றாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. யார் நெற்றிக்காக அந்த அடி என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"யார் சொன்னது?" என்றான் எட்மண்ட். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை இல்லையாக்குவதற்காகவே அவன் கழுத்தைப் பிடித்து உலுக்கினான். "யாருடா சொன்னது?"

தெருவில் ஒரு சைக்கிள் வந்தது. செயின் மூடி லடலடவென்று அடித்துக்கொள்ளும் சைக்கிள். கண்ணை மூடிக்கொண்டு எத்தனை புளியங்கொட்டை வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு லாசரஸ் வந்தான்.

"தம்பி, இன்னிக்கு என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு. நல்ல மேய்ப்பன் படத்தை அட்டையில ஒட்டித் துண்டு துண்டா வெட்டி…"

தரையைப் பார்த்தான். கையிலிருந்த பை நழுவி அட்டைத் துண்டுகள் சிதறின.

"இவர்தான் சார்," என்றான் ஜெயவேலு, மூக்கு ரத்தம் வாயில் ஒழுக.

லாசரஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"உன்னை இல்லடா தம்பி. உன்னை அடிக்கச் சொல்லவே இல்லை."

எட்மண்ட் கட்டில் காலைப் பிடித்து எழுந்தான். அக்குள் கட்டை சுழன்று அண்ணன் வாயில் விழுந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதில் லாசரஸ் முழங்காலிட்டான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பல் ஒன்று உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரை அடிச்சா உனக்குச் சரி? சொல்லு! அவன் கால்ல இருந்தா அது எலும்பு இல்லையா?" எட்மண்ட் அழுதான். ஆத்திரத்தில் அழுகிறவனை நிறுத்துவது கஷ்டம். "நீ மழிச்சு விட்ட கன்னம்டா இது. தினம் ராத்திரி ஜெபத்துல உன் பேரை முதல்ல சொன்னேனே அண்ணா!"

"நம்ம குடும்ப மானம்…"

"அந்த ரோட்டுல நான் ஏன் போனேன் தெரியுமா? ஏகநாதன் வீட்டுக்கு. ஹில்டாவுக்குப் பேசி முடிக்க."

லாசரஸ் தலை நிமிர்ந்தது. அக்குள் கட்டை கொடுத்த அடியைவிட இது பலமாக விழுந்தது.

தூரத்தில் ஒரு மின்சார ரயில் தாம்பரத்துக்குள் நுழைந்தது. எட்மண்டுக்கு அந்த ரயிலைத் தெரியும். தபாலாபீஸ் கதவு சாத்துகிற நேரத்து ரயில். அது வந்த பிறகு ஏகநாதன் சைக்கிளை எடுப்பான். ஹில்டா சொல்லிச் சொல்லி வீட்டுக்கே மனப்பாடம்.

ரயில் சத்தம் கேட்டதும் ஜெயவேலு தரையில் புழுபோல நெளிந்தான்.

"சார், என்னை அவுத்து வுடு சார். இன்னிக்கு நான் இங்க இருந்தேன்னு தெரிஞ்சா பேஜாராப் பூடும். அங்க ஆளு நிக்கிறானுங்க."

"எங்கே?"

"அதே திருப்பத்துல. மொத தபா நான் கோட்டை வுட்டேன்னு இவரு வேற ஆளு கேட்டாரு. பல்லாவரத்துலேர்ந்து ரெண்டு பேர நான்தான் சொல்லி வுட்டேன். இவரு மூஞ்சிய அவனுங்க பாத்ததில்ல. நெத்தியும் சைக்கிளும்தான் அடையாளம்." எச்சிலை விழுங்கினான். "இந்த தபா கொழாய் இல்ல சார். அருவா."

ஹில்டா கையிலிருந்த ஈரப் புடவை கீழே விழுந்தது.

தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, சோடா மூடியை நகர்த்திக்கொண்டே, இந்த மனிதன் இன்னொரு தடவை ஆள் ஏற்பாடு செய்திருக்கிறான்! எழுதுகிற எனக்கே கை கூசுகிறது. பாசம் உள்ளவன் பாதகம் செய்யமாட்டான் என்று யார் சொன்னார்கள்?

"நான் போறேன்," என்றான் லாசரஸ். உதடு வீங்கிப் பேச்சு குழறியது. "போய் நிறுத்திடறேன் தம்பி. சத்தியமா."

"நீ போய் நிறுத்துவியா? இல்லை, பாதி வழியில நின்னு முடியட்டும்னு பார்த்துட்டு வருவியா?"

லாசரஸின் கண் தம்பியை விட்டுச் சிதறிய அட்டைத் துண்டுகளுக்குப் போனது. அந்த ஒரு பார்வைதான் எட்மண்டை முடிவு எடுக்க வைத்தது.

"ஹில்டா, நீ தபாலாபீஸுக்கு ஓடு. இன்னும் கிளம்பலைன்னா அங்கேயே பிடிச்சு வை. கிளம்பியிருந்தா…" அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். "அவனுக்கு முன்னாடி இவர் அந்தத் திருப்பத்துல இருக்கணும். இந்த நெத்தியோட இல்லை. ஓடறதுக்கு முன்னாடி அடுப்புச் சாம்பல் எடுத்துட்டு வா."

புஷ்பத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "வேண்டாங்க! இருட்டுல வெட்டிடுவாங்க!"

"அதுக்குள்ள கத்திச் சொல்லட்டும், நான்தான் ஆள் வச்சவன்னு. தொண்டை இருக்குல்ல? இருட்டுல நெத்தியை மட்டும் பார்க்கிறவன் எப்படி வருவான்னு எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியட்டும்."

ஹில்டா சாம்பலைக் கொண்டு வந்தாள். யாரிடமும் கொடுக்கவில்லை. அண்ணன் எதிரில் மண்டியிட்டு, தண்ணீர் தொட்டுக் குழைத்து, மூன்று விரல்களால் நெற்றியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தாள். தினமும் தூரத்திலிருந்து பார்த்துப் பழகிய பட்டை. அப்படியே வந்தது.

"இதைத் தொட்டதுக்கு என்னை அடிக்கலையா பெரிய அண்ணா?" என்று கேட்டாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்புக்கூட போடாமல் ஓடினாள்.

லாசரஸ் எழுந்தான். வாசலில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஒரு முறை நின்றான்.

"துடைச்சுட்டா எனக்குத் தெரியாது," என்றான் எட்மண்ட் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி. "உனக்குத் தெரியும்."

சைக்கிள் போனது. எட்மண்ட் கண்ணை மூடிக்கொண்டான். லடலட, லடலட. தெருமுனை வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது.

தெருமுனையில் அடிபம்பு இருக்கிறது.

கிறீச் என்று ஒரு சத்தம். மறுபடியும் ஒரு கிறீச்.

"பம்பு அடிக்கிறார்," என்றான் எட்மண்ட்.

புஷ்பம் வாசலுக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் செயின் மூடியின் சத்தம் மறுபடி எழுந்தது. வலது பக்கம் திரும்பினால் லாசரஸின் வீடு. இடது பக்கம் முடிச்சூர் ரோடு. சத்தம் இடது பக்கம் திரும்பியது, வேகமாகப் போனது.

"முகத்தைப் பார்த்தியா?"

"முதுகுதாங்க தெரிஞ்சுது," என்றாள் புஷ்பம். "வாயெல்லாம் ரத்தமா இருந்துச்சே. வாய் கொப்பளிச்சிருக்கலாம்."

"கொப்பளிச்சிருக்கலாம்."

கட்டிப் போட்ட ஜெயவேலு ஓலைக்கட்டின் மேல் விசும்பிக்கொண்டிருந்தான். எட்மண்ட் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, ரத்தம் படாத குருத்து ஒன்றை உருவினான். கை தானாக மடித்தது. அண்ணன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டான். அவன் நெற்றியைக் கழுவியிருக்கக் கூடாது என்றும் கேட்டான். இரண்டையும் சேர்த்துக் கேட்கிறோமே என்று அவனுக்கே தெரிந்தது.

வெளியே பொழுது சாயத் தொடங்கியிருந்தது.